பத்தாவது அத்தியாயத்தில் நின்றுபோன கௌபாய்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மேற்கில், கௌபாய் காலத்தில் நடக்கும் ஒரு சரித்திரக் காதல் நாவலைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நாயகி பாஸ்டனிலிருந்து வரும் பள்ளி ஆசிரியை. நாயகன் பெரிய மாட்டுப் பண்ணைக்காரன். முதல் சந்திப்பில் சண்டை, பத்தாவது அத்தியாயத்தில் முத்தம், அதோடு கதை நின்றுவிட்டது. "மேலே எழுத ஒன்றுமில்லை, ஒரு வில்லனை இறக்கிவிடட்டுமா?" என்று கேட்கிறீர்கள்.

வில்லனைக் கொஞ்சம் ஓரமாக உட்கார வையுங்கள். காதல் நாவல் ஓடுவது ஒரே ஒரு கேள்வியை நம்பித்தான்: இந்த இரண்டு பேரும் ஏன் இன்னும் சேரவில்லை? உங்கள் கதையில் அதற்குப் பதில் கோபம். கோபம் ஒரு காய்ச்சலுக்குக்கூடத் தாங்காது. நாயகன் காய்ச்சலில் படுத்து, நாயகி கஞ்சி காய்ச்சிக் கொடுத்தால் முடிந்தது. வில்லன் வந்தாலும் அதே கதிதான். கடத்துவான், நாயகன் மீட்பான், மறுபடி வெற்றுத்தாள். தடை அவர்கள் நிற்கிற மண்ணிலிருந்தும் அந்த வருடத்திலிருந்தும் வர வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் கதைச் சுருக்கத்தில் வருடமே இல்லை, "பழைய மேற்கு" என்று மட்டும் இருக்கிறது. கதை நின்றது அங்கேதான்.

நம்மில் பலருக்கு இந்த உலகம் அறிமுகமானது முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் பக்கங்களில். எனக்கும் அப்படித்தான். அந்த மேற்கில் தங்கம் தோண்டுவது, தண்டவாளம் போடுவது, மாடு ஓட்டுவது எல்லாம் ஒரே வாரத்தில் நடக்கும். நிஜத்தில் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிக் கூட்டம் ஓடியது 1849-ல். கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதை முடிந்தது 1869 மே 10 அன்று. டெக்சாஸ் மாடுகளைக் கன்சாஸ் ரயிலடிக்கு நடத்திக்கொண்டு வந்து விற்கிற வியாபாரம் அபிலீன் என்ற சின்ன ஊரில் தொடங்கியது 1867-ல். டெக்சாஸ் மாடுகளோடு காய்ச்சல் வருகிறது என்று கன்சாஸ் மாநிலம் மொத்தமாகக் கதவடைத்தது 1885-ல். நாம் காலங்காலமாக நடந்ததாக நினைக்கும் அந்த மாட்டுப் பயணத்துக்குக் கன்சாஸில் ஆயுசு வெறும் 18 வருஷம்.

வருடம் மாறினால் காதலும் மாறும். 1867 என்றால் நாயகன் மாதக்கணக்கில் மாட்டு மந்தையோடு நடந்துகொண்டிருப்பான். மந்தை நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து மைல்தான் நகரும், கடிதம் அவனைத் தேடிப் பிடிக்காது. 1874 என்றால் வெட்டுக்கிளி. அந்தக் கோடையில் கன்சாஸ், நெப்ராஸ்கா பக்கம் வந்த கூட்டம் பயிரைத் தின்று, வேலியில் காயப்போட்ட துணியைத் தின்று, கருவிகளின் மரக்கைப்பிடியில் ஊறியிருந்த வியர்வை உப்புக்காக அதையும் கடித்தது. தண்டவாளத்தில் நசுங்கிய பூச்சிகளின் வழவழப்பில் ரயில் சக்கரம் வழுக்கி நின்றது. பச்சைக் கோடு போட்ட வெள்ளை கவுனைப் போட்டுக்கொண்டு வெளியே வந்த ஒரு கன்சாஸ் பெண், பூச்சிகள் கோடுகளை மட்டும் தின்றுவிட்டதை நினைவுகூர்ந்திருக்கிறார். இதை நாவலில் வைத்தால் கற்பனை என்பார்கள்.

உங்கள் ஆசிரியைக்கும் பண்ணைக்காரனுக்கும் நான் தேர்ந்தெடுப்பது 1885, மேற்குக் கன்சாஸ். ஏன் என்று சொல்ல முதலில் நிலச் சட்டம் பேச வேண்டும். கொட்டாவி விடாதீர்கள், உங்கள் காதல் இதற்குள்தான் இருக்கிறது.

1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 21 வயது நிரம்பிய எவரும், அல்லது குடும்பத் தலைவராக இருக்கும் எவரும், கொஞ்சம் கட்டணம் கட்டி 160 ஏக்கர் அரசு நிலத்தைத் தன் பெயரில் பதிந்துகொள்ளலாம். வீடு கட்டி, அங்கேயே குடியிருந்து, உழுது, 5 வருடம் கழித்துச் சாட்சிகளோடு போய் நிரூபித்தால் பட்டா. "எவரும்" என்பதில் கல்யாணமாகாத பெண்ணும் உண்டு, விதவையும் உண்டு. கணவனோடு வாழும் பெண் கிடையாது, ஏனென்றால் குடும்பத் தலைவர் அவன். உங்கள் ஆசிரியை நிலத்தைப் பதிவதற்கு முன்னால் கல்யாணம் செய்துகொண்டால் அந்த உரிமை போச்சு. பதிந்த பிறகு, பக்கத்து நிலத்தைப் பதிந்து வைத்திருக்கிறவனையே கட்டிக்கொண்டால் இன்னொரு சிக்கல்: கணவனும் மனைவியும் ஆளுக்கொரு வீட்டில் குடியிருப்பதாகக் கணக்குக் காட்ட முடியாது. இரண்டு நிலத்தில் ஒன்று கையை விட்டுப் போகும். எது? யாருடையது? இந்த ஒரு கேள்வி நூறு பக்கம் தாங்கும்.

160 ஏக்கர் என்றதும் நம் வாசகர் "ஜமீன்தாரிணியா?" என்பார். அதையும் கதைக்குள்ளேயே தெளிவாக்கிவிடுங்கள். மேற்குக் கன்சாஸின் டாட்ஜ் சிட்டி என்ற ஊர் வழியாகப் போகும் நூறாவது தீர்க்கரேகைக்கு மேற்கே வருடத்துக்கு 20 அங்குல மழைகூட நிச்சயமில்லை. அங்கே 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுமா என்பதே சந்தேகம். தண்ணீர் ஓடும் துண்டு கிடைத்தவர் ராஜா.

சரி, இப்போது 1885-க்கு வருவோம். அதுவரை பெரிய மாட்டுப் பண்ணைக்காரர்கள் அரசு நிலத்தையே முள்கம்பியால் வளைத்துப் போட்டு, "என் மேய்ச்சல்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். முள்கம்பிக்கு ஜோசப் கிளிட்டன் காப்புரிமை வாங்கியது 1874 நவம்பரில், பத்து வருடத்துக்குள் சமவெளி முழுக்கக் கம்பி. 1885 பிப்ரவரியில் நாடாளுமன்றம் அந்த வேலிகளைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. அதே சமயத்தில் மேற்குக் கன்சாஸுக்குக் குடியேறிகள் சாரை சாரையாக வந்து இறங்கினார்கள். உங்கள் ஆசிரியை அவர்களில் ஒருத்தி. பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே பக்கத்தில் நிலம் பதிந்த ஆசிரியைகள் நிஜமாகவே நிறைய இருந்தார்கள். அவள் பதிகிற துண்டில்தான் ஓடை ஓடுகிறது. அந்த ஓடையில்தான் அவன் மாடுகள் தண்ணீர் குடிக்கின்றன. அதைச் சுற்றித்தான் அவன் வேலி நிற்கிறது.

பாருங்கள், முதல் சந்திப்புச் சண்டைக்கு இப்போது காரணம் வந்துவிட்டது. அதைவிட முக்கியம், முத்தத்துக்குப் பிறகும் கதை நிற்காது. அவன் அன்பாகப் பேசும்போதெல்லாம் அவளுக்கு ஒரு சந்தேகம் வரும்: இவனுக்கு வேண்டியது நானா, என் ஓடையா? அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. தண்ணீர் இருக்கும் துண்டுகளைத் தங்கள் வேலையாட்கள் பெயரில் பதிய வைத்துப் பிறகு எழுதி வாங்கிக்கொள்வது பண்ணைக்காரர்கள் வழக்கம். பினாமி என்ற சொல் நமக்கு இருக்கிறது, தயங்காமல் பயன்படுத்துங்கள். இதைத் தடுக்கத்தான் நிலம் பதியும்போதே ஒரு பிரமாணம் வாங்கினார்கள்: இந்த நிலம் என் சொந்த உபயோகத்துக்கு, வேறு யாருடைய நலனுக்காகவும் இல்லை என்று. அவள் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

இன்னொரு குறுக்கு வழியும் சட்டத்தில் உண்டு. ஐந்து வருடம் காத்திருக்க வேண்டாம் என்றால், 6 மாதம் குடியிருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி நிலத்தை வாங்கிக்கொள்ளலாம். 160 ஏக்கருக்கு 200 டாலர். அந்தக் காலக் கௌபாய்க்கு மாதச் சம்பளம் சுமார் 30 டாலர், ஆக ஏறக்குறைய ஏழு மாதக் கூலி. அவளிடம் அந்தப் பணம் இல்லை, அவனிடம் இருக்கிறது. அவன் அன்பில் கொடுத்தாலும் ஊர் அதை எப்படிப் பார்க்கும்? அந்த நிலத்தின் மேல் கண் வைத்திருக்கிற யாராவது நில அலுவலகத்தில் புகார் கொடுத்தால் அவள் செய்த பிரமாணம் பொய்யாகிவிடும். அவன் உதவி செய்யச் செய்ய அவளுக்கு ஆபத்து. காதல் நாவலில் இதைவிட நல்ல முடிச்சு கேட்டு வாங்க முடியாது. ஒரு துப்பாக்கியும் சுடவில்லை, கவனித்தீர்களா?

இதெல்லாம் நிஜமாக நடக்குமா என்று தோன்றினால், எலினோர் ப்ரூயிட் ஸ்டூவர்ட் கதையைப் படியுங்கள். டென்வரில் துணி துவைத்துப் பிழைத்த பெண், 1909-ல் சின்ன மகளோடு வயோமிங்கிலுள்ள பர்ன்ட் ஃபோர்க் என்ற இடத்துக்கு ஒரு பண்ணைக்காரர் வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போனார். சில வாரங்களிலேயே அந்தப் பண்ணைக்காரர் நிலத்தை ஒட்டிய துண்டைத் தன் பெயரில் பதிந்தார், அந்தப் பண்ணைக்காரரையே கல்யாணமும் செய்துகொண்டார். தன் வீட்டை அவர் வீட்டோடு ஒட்டினாற்போலக் கட்டிக்கொண்டார். பழைய எஜமானி அம்மாளுக்கு எழுதிய கடிதங்களில் நிலம் பதிந்ததை உற்சாகமாகச் சொன்னவர், கல்யாணமான செய்தியை வெகுநாள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார். அந்தக் கடிதங்கள் 1914-ல் புத்தகமாக வந்து, தனிப் பெண் நிலம் எடுப்பதற்கு உதாரணமாகப் பேசப்பட்டன. ஆனால் நிலப் பதிவேட்டைப் பார்த்தால், அவர் அந்த உரிமையைப் பிறகு விட்டுக்கொடுத்ததும், மாமியார் அதே துண்டைத் தன் பெயரில் பதிந்ததும் தெரிகிறது. மருமகள் விட்ட நிலத்தை மாமியார் எடுக்கிறார்! நம் ஊர் நெடுந்தொடர்க்காரர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

இனி 1886 ஜனவரி. புத்தாண்டு பிறந்த முதல் வாரத்தில் மேற்குக் கன்சாஸில் வீசிய பனிப்புயலில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. புயல் வந்தால் மாடு காற்றுக்கு முதுகு காட்டி நடந்துகொண்டே போகும். வேலி குறுக்கே வந்தால் அங்கேயே நின்று, பின்னால் வருகிறவை மேலே ஏறி, குவியலாக உறைந்து சாகும். உங்கள் நாயகன் அவளைப் போன்றவர்களைத் தடுக்கப் போட்ட அதே கம்பி. புயலுக்கு முன்னால் அவனிடம் பணம், அவளிடம் மண். புயலுக்குப் பின்னால் அவனிடம் ஒன்றுமில்லை, அவளிடம் ஓடையோடு 160 ஏக்கர். இப்போது சந்தேகப்பட வேண்டியவன் அவன்: நான் கேட்டால் நிலத்துக்காகக் கேட்கிறேன் என்று நினைப்பாளோ? நின்றுபோன பத்தாவது அத்தியாயம் கதையின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்பது இப்போது தெரியும்.

கட்டமைப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. இந்த வகை நாவலுக்கு வாசகரோடு ஓர் எழுதாத ஒப்பந்தம் உண்டு: காதல்தான் முதுகெலும்பு, கடைசியில் இருவரும் நல்லபடியாகச் சேர வேண்டும். சேராமல் முடித்தால் அது நல்ல நாவலாக இருக்கலாம், ஆனால் இந்த அலமாரியில் வைக்க முடியாது. அவள் மனதிலிருந்து ஓர் அத்தியாயம், அவன் மனதிலிருந்து ஓர் அத்தியாயம் என்று மாறி மாறிப் போவது வழக்கம், உங்களுக்கும் அது உதவும். இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் என்ன தப்பாக நினைக்கிறார்கள் என்று வாசகருக்கு மட்டும் தெரிந்திருப்பதுதான் சுகம். படுக்கையறைக் கதவை எந்த இடத்தில் சாத்துவது என்பது உங்கள் விருப்பம். முதல் மூன்று அத்தியாயத்திலேயே அந்தச் சூடு எவ்வளவு என்று காட்டிவிடுங்கள், பாதியில் மாற்றினால் இரண்டு வகை வாசகரும் திட்டுவார்கள்.

விவரங்களுக்கு வருகிறேன். இதில் நானே அசடு வழிந்திருக்கிறேன். என் முதல் பிரதியில் நாயகன் மேற்குக் கன்சாஸ் புல்வெளியில் பெரிய பெரிய விறகுக் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டி, அதன் வெளிச்சத்தில் காதலைச் சொல்வான். இரண்டு பக்கம் உருகி உருகி எழுதியிருந்தேன். படித்த நண்பர் ஒருவர் ஓரத்தில் ஒரே வார்த்தை எழுதினார்: "மரம்?" அந்தச் சமவெளியில் ஓடைக்கரையைத் தவிர மரமே கிடையாது. அப்புறம் எதை எரித்தார்கள்? மாட்டுச் சாணி. அதற்கு முன்னால் காட்டெருமைச் சாணி. நம் ஊர்போல உருட்டித் தட்டிச் சுவரில் அறைந்த வறட்டி இல்லை, வெளியில் தானாகக் காய்ந்து கிடந்ததைப் பெண்கள் கவுன் முந்தியிலும் கூடையிலும் பொறுக்கி வந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் அந்த நாற்றத்தை விளக்க ஒரு பத்தி செலவழிக்க வேண்டும். நமக்கு ஒரு சொல் போதும், வாசகர் மூக்கில் புகை வந்துவிடும்.

வீடும் மண்தான். புல்வேரோடு தரையை நீளவாக்கில் உழுது, மூன்றடித் துண்டுகளாக வெட்டி, செங்கல்போல அடுக்கிக் கட்டிய வீடு. கோடையில் குளிர்ச்சி, குளிரில் கதகதப்பு, மழையில் நரகம். வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே ஒழுகும். கூரையிலிருந்து மண்ணும் பூச்சியும் சில சமயம் பாம்பும் விழும் என்பதால் கீழே மஸ்லின் துணி கட்டுவார்கள். நெப்ராஸ்காவில் சாலமன் புட்சர் என்ற புகைப்படக்காரர் 1886 முதல் இந்த வீடுகளை ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்தார். ஒரு படத்தில் குடும்பம் வெட்டவெளியில் தங்கள் பெரிய ஆர்கன் வாத்தியத்தைச் சுற்றி நிற்கிறது. வீடு படத்தில் இல்லை. மண் வீட்டில் இருப்பது கிழக்கே இருக்கும் சொந்தக்காரர்களுக்குத் தெரியக் கூடாது என்று வீட்டுக்காரம்மாவுக்கு வெட்கம், அதனால் வாத்தியத்தை வெளியே தூக்கி வைத்தே படமெடுத்தார்கள். பாஸ்டன் ஆசிரியையின் மனது இந்தப் படத்தில் முழுசாக இருக்கிறது. அவள் அக்காவுக்கு எழுதும் கடிதங்களில் "என் சிறிய இல்லம்" என்றுதான் எழுதுவாள். மண் என்ற சொல்லே வராது.

விவரம் காதலுக்கு எப்படி வேலை செய்யும் என்று ஒரு சின்னக் காட்சியில் காட்டுகிறேன். ஒரு சங்கதி மட்டும் முன்கூட்டியே: அர்பக்கிள் என்ற கம்பெனி வறுத்த காப்பிக்கொட்டையைக் காகிதப் பையில் அடைத்து விற்றது, ஒவ்வொரு பையிலும் ஒரு பெப்பர்மின்ட் குச்சி இருக்கும். பண்ணைகளில் காப்பிக்கொட்டை அரைத்துக் கொடுக்கிறவனுக்கு அந்தக் குச்சி பரிசு. இனி காட்சி: அந்தப் பனிப்புயலில் இருவரும் அவளுடைய மண் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் காலையிலும் கதவு திறக்கவில்லை. கூரைத் துணியில் மண் சேர்ந்து தூளிபோலத் தொங்கியது. அவள் வறட்டிப் பெட்டியை எண்ணினாள். பதினொன்று.

"காப்பிக்கு இரண்டு போதுமா?" என்றான்.

"உங்களுக்கு மட்டும் என்றால் போதும்."

அவன் கோட்டுப் பையைத் துழாவி ஒரு பெப்பர்மின்ட் குச்சியை எடுத்தான். நுனி உடைந்திருந்தது. "நவம்பரிலிருந்து பண்ணையில் காப்பி நான்தான் அரைக்கிறேன்."

"முதலாளியேவா?"

"ஆறு குச்சி சேர்த்தேன். ஐந்து வழியில் நனைந்துவிட்டது."

அவள் அதை வாங்கி இரண்டாக உடைத்தாள். பெரிய துண்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"மாடுகள்?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். கண்ணாடியில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. "வேலி வரைக்கும் போயிருக்கும்."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ முதலில் சாப்பிடு," என்றாள்.

இதில் இதயம் படபடக்கவில்லை, கண்கள் சந்திக்கவில்லை. கடைசி வரியில் "நீங்கள்" போய் "நீ" வந்தது, அவ்வளவுதான். தமிழில் எழுதுகிறவருக்கு இது பெரிய வரம். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே "யூ". அந்தக் காலத்து அமெரிக்கர்கள் மிஸ் இன்னார், மிஸ்டர் இன்னார் என்று குடும்பப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுவதே பெரிய நெருக்கம். நீங்கள் அந்த மரியாதையை "நீங்கள்" என்பதில் இருநூறு பக்கம் காப்பாற்றி வைத்து ஒரே இடத்தில் உடைக்கலாம். டப்பிங் படம்போல முதல் காட்சியிலேயே "ஏய், நீ யார்?" என்று ஆரம்பித்துவிட்டால் அந்தக் காசு செலவாகிவிடும். அதே சமயம் கன்சாஸ்காரன் வாயில் மச்சான், மாப்பிள்ளை வேண்டாம். மதுரை பேச்சும் வேண்டாம். தெளிவான, கொஞ்சம் சுருக்கமான தமிழ் போதும், அவன் அதிகம் பேசாதவன் என்று வாசகரே புரிந்துகொள்வார்.

சலூன் காட்சி வைத்திருக்கிறீர்கள். முதல் சிக்கல், நம் ஊரில் சலூன் என்றால் முடி வெட்டும் கடை, மதுக்கடை என்றே எழுதுங்கள். இரண்டாவது, கன்சாஸில் 1881 முதல் மதுவிலக்கு. டாட்ஜ் சிட்டி போன்ற இடங்களில் அதைச் சட்டை செய்யாமல் கடை நடத்தினார்கள் என்பது உண்மை, ஆனால் அது திருட்டுக்கடை என்பது காட்சியில் தெரிய வேண்டும். இடுப்பில் துப்பாக்கியோடு ஊருக்குள் அலைவதற்கும் அந்த ஊர்களில் தடை இருந்தது. பேன்ட் ஜிப் என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், பேன்ட்டுக்கு ஜிப் வந்தது இருபதாம் நூற்றாண்டில். பொத்தான் போடுங்கள், காட்சியும் கொஞ்சம் நீளும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். குதிரையை நாற்பது மைல் நாலுகால் பாய்ச்சலில் ஓட விட்டிருக்கிறீர்கள். இரண்டு மூன்று மைலில் அது நின்றுவிடும். நாள் முழுக்க நடையும் மெதுவோட்டமுமாகப் போனால் முப்பது நாற்பது மைல்.

இன்னொன்றை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். உங்கள் சுருக்கத்தில் "யாருமற்ற கன்னி நிலம்" என்று ஒரு வரி. அது யாருமற்ற நிலம் இல்லை. செயென், அரபாஹோ, கயோவா, கொமான்சி மக்கள் வேட்டையாடித் திரிந்த இடம். 1867-ல் கன்சாஸின் மெடிசின் லாட்ஜ் ஓடைக்கரையில் போட்ட உடன்படிக்கைகளுக்குப் பிறகு அவர்களைத் தெற்கே ஒதுக்கினார்கள். 1878-ல் வடசெயென் மக்கள் முந்நூறு பேருக்கு மேல், பட்டினியும் காய்ச்சலும் தாங்காமல், சொந்த மண்ணைத் தேடி வடக்கே நடந்தது இதே மேற்குக் கன்சாஸ் வழியாகத்தான். உங்கள் கதைக்கு ஏழே வருடம் முன்பு. நாயகன் அப்போது அங்கே இருந்திருப்பான், ஏதாவது பார்த்திருப்பான். அதை அவன் அவளிடம் எப்போது சொல்வான் என்பது ஒரு தனி அத்தியாயம். பழங்குடி வீரன் வெள்ளைக்காரியைக் கடத்திக் காதலிக்கும் வகை ஒரு காலத்தில் ஓகோவென்று விற்றது, இன்று அதைத் தொட வேண்டாம்.

அதேபோல எல்லாக் கௌபாயும் வெள்ளைக்காரன் இல்லை. கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரர்களும் கணிசமாக இருந்தார்கள். லாஸோ (சுருக்குக் கயிறு), ரோடியோ (கௌபாய்களின் வீர விளையாட்டு) எல்லாம் ஸ்பானிய மொழியிலிருந்து வந்த சொற்களே. வடமேற்குக் கன்சாஸில் நிகோடிமஸ் என்ற ஊரைக் கென்டக்கியிலிருந்து வந்த விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் 1877-ல் உருவாக்கினார்கள். உங்கள் ஆசிரியைக்கு வீடு கட்டச் சொல்லிக்கொடுக்கும் பக்கத்து நிலத்துக்காரர் அங்கிருந்து வந்தவராக இருக்கலாமே.

இந்த நாவல் முடிந்து அடுத்ததற்குக் களம் தேடினால் இரண்டு சொல்லிவைக்கிறேன். ஒன்று, ரயிலடி உணவகங்களில் பரிமாற ஃபிரெட் ஹார்வி 1883 முதல் வேலைக்கு எடுத்த இளம்பெண்கள். கறுப்பு கவுன், வெள்ளை ஏப்ரன், விடுதி, இரவில் நேரக் கட்டுப்பாடு, இத்தனை மாதம் கல்யாணம் செய்துகொள்ளமாட்டேன் என்று ஒப்பந்தம். மீறுவதற்கென்றே போட்ட ஒப்பந்தம். இன்னொன்று, மணமக்கள் விளம்பரத்துக்கென்றே நடந்த பத்திரிகைகள். உயரம், எடை, நிறம், சொத்து என்று வரிசையாக எழுதி, முகம் தெரியாதவனைக் கட்டிக்கொள்ள ரயில் ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமை "மணமகள் தேவை" பக்கம் படித்து வளர்ந்த நமக்கு இதில் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆராய்ச்சிக்கு எங்கே போவது என்றும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பழைய செய்தித்தாள்களை "க்ரானிக்ளிங் அமெரிக்கா" என்ற பெயரில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1885-ம் வருடக் கன்சாஸ் வார இதழ் ஒன்றை எடுத்து ஒரு மாத இதழ்களை விளம்பரம் விடாமல் படியுங்கள். மாவு என்ன விலை, யார் வீட்டில் விருந்து, யார் குதிரை காணோம், எல்லாம் இருக்கும். நிலப் பட்டாக்களையும் அந்நாட்டு நில நிர்வாகத் துறை இணையத்தில் தேடிப் பார்க்க விட்டிருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் படிக்காதீர்கள், அப்புறம் நாவல் எழுத மனசு வராது. எனக்கு ஒருமுறை அப்படி ஆனது, ஆறு மாதம் முள்கம்பி வகைகளைப் பற்றி மட்டும் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த இதழ்களில் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வரிசையாக நில அறிவிப்புகள் வரும். பட்டா வாங்கப் போகிறவர், இன்ன தேதியில் நிரூபிக்கப் போகிறேன், நான் அங்கே தொடர்ந்து குடியிருந்ததற்கும் உழுததற்கும் இவர்கள் சாட்சி என்று அக்கம்பக்கத்தார் நான்கு பேர் பெயரோடு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர்களில் இரண்டு பேர் நேரில் போய்ச் சத்தியம் செய்ய வேண்டும். வீடு எவ்வளவு பெரியது என்றுகூடக் கேட்பார்கள். "பன்னிரண்டுக்குப் பதினான்கு" என்று சத்தியம் செய்துவிட்டு, அடியா அங்குலமா என்பதைச் சொல்லாமல் விட்டவர்கள் பற்றி அந்தக் காலத்துக் கேலிக்கதைகள் நிறைய.

உங்கள் முடிவை நான் அங்கே வைப்பேன். 1886 வசந்தம். பனி உருகிவிட்டது, அவன் செத்த மாடுகளின் தோலை உரித்து விற்றுக்கொண்டிருக்கிறான். அவளிடம் பள்ளிச் சம்பளமும், வெளியில் பொறுக்கி ரயிலடியில் விற்ற காட்டெருமை எலும்புக் காசும் சேர்ந்து கடைசியில் 200 டாலர் தேறிவிட்டது. வாரக்கணக்கில் இருவருக்கும் பேச்சில்லை. தோல் விற்ற இடத்தில் யாரோ சுற்றிக் கொடுத்த பழைய செய்தித்தாளை அவன் பிரிக்கிறான். கடைசிப் பக்கத்தில் அவள் அறிவிப்பு. சாட்சிகள் நான்கு பேர். முதல் பெயர் அவனுடையது. அவள் அவனைக் கேட்கவே இல்லை. நில அலுவலகம் வண்டியில் இரண்டு நாள் பயணம், தேதி நாளை மறுநாள்.